இருமல் மருந்து

சாய்ந்தமருதில் முத்தலிப்பை அறிந்தவர்களைவிட அவரைப் பற்றிக் கதைத்தவர்கள்தான் கூட. எண்பத்தோராம் ஆண்டு பெரும்போக வெள்ளாமை அறுத்து முடிந்தும் மனுசன் ஊருக்கு வரவில்லை. சவளக்கடை வயலில் காவலுக்குப் போட்ட வாடிக் குடிசையிலேயே குடியிருந்துவிட்டார். ஊர் வாய் சும்மா கிடக்குமா? "உம்மா மௌத்தாகி அடக்கி ஒரு வருசம்கூட ஆகல்ல, மகள் வாப்பாவ வயலுக்குத் துரத்திட்டா" என்று போகிற இடமெல்லாம் இதே கதை.

இளைய மகள் சுல்பிகாவுக்கு அது காதில் விழுந்த நாள் தொட்டுச் சோறு இறங்கவில்லை. நோன்புப் பெருநாளின் மூன்றாம் நாள், கணவன் மர்சூக்கையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏறிவிட்டாள். வாப்பாவைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவது என்று பிடிவாதம். அவருடைய சாமான் கட்ட ஒரு பெரிய பை. அதற்குள் ஒரு போத்தல் இருமல் மருந்து. அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம். வாப்பாவின் இருமலுக்கும் அதே வயசுதான். வாசலுக்கு வந்தால் இருமல், குசினிப் பக்கம் வந்தால் இருமல். அவளும் சளைக்காமல் மருந்து வாங்கிக் கொடுத்தாள், அவரும் வாய் திறக்காமல் குடித்தார்.

வாடியைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. களிமண் சுவர், கிடுகுக் கூரை. உள்ளே ஒரு பாய், ஒரு லாந்தர், இரண்டு சட்டி, கொடியில் இரண்டு சாரன். கொண்டுவந்த பையில் பாதிகூட நிரம்பாது.

"அல்லாஹ்வே, இதுக்குள்ளயா வாப்பா கிடக்கிறீங்க?"

"முதல்ல இரி புள்ள, சோறு தின்னு" என்றார் முத்தலிப்.

வாய்க்காலில் பிடித்த விராலுக்குப் புளி விட்டு ஆணம் காய்ச்சியிருந்தார். புதுநெல்லுச் சோறு, எருமைத் தயிர். வீட்டில் ஒரு பிடி சோற்றுக்குக் கெஞ்சவைக்கிற சின்னவன், இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றான். மர்சூக் மருத மர நிழலில் பாயைப் போட்டுச் சரிந்தான். சுல்பிகா வாய்க்காலில் கால் நனைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். ஒருவரும் கூப்பிடாமல், ஒரு வேலையும் இல்லாமல் இப்படி இருந்து எத்தனை வருசம்! வந்த காரியமே மறந்துபோகிற அளவுக்கு மனம் லேசாகிவிட்டது.

அப்போதுதான் கவனித்தாள். காலையிலிருந்து வாப்பா வாடிக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறார். ஒரு இருமல்கூட இல்லை.

"வாப்பா, இருமல் சுகமாகிட்டா?"

முத்தலிப் சிரித்தார். "எனக்கு எங்க மகள் இருமல்? அங்க மருமகன் உள்ளுக்கு இரிப்பார், நீ முக்காடு இல்லாம இரிப்பாய். சத்தம் குடுக்காம வரலாமா?"

"மறுகா என்னத்துக்கு மருந்தக் குடிச்சீங்க?"

"நீ ஆசையா வாங்கித் தந்தாய்."

சுல்பிகா வாய்க்காலிலிருந்து காலை எடுத்தாள். "நீங்க கட்டின வூடுதானே வாப்பா அது? உங்கட வூட்டுக்குள்ள வாறதுக்கு என்ன சத்தம்?"

"பொறந்தது என்ட உம்மாட வூடு. அது தங்கச்சிக்குச் சீதனமாப் போயிட்டு. கல்யாணம் முடிச்சு உன்ட உம்மாட வூட்டுக்கு வந்தன். அது மூத்தவள், உன்ட ராத்தாக்குப் போயிட்டு. மறுகா கட்டினது உனக்கு. நம்மட ஊர்ல ஆம்புளைக்கு எங்க மகள் வூடு? குறையாச் சொல்லல்ல, சந்தோசமாத்தான் குடுத்தன். ஆனா இதுக்குள்ள மட்டும் செருமாமலே போறன், வாறன்."

தூங்குகிறான் என்று நினைத்த மர்சூக் பாயிலிருந்தே கேட்டான்: "மாமா, பக்கத்துல எனக்கும் ஒரு துண்டு இடம் இரிக்கா?"

"வாய மூடுங்க!" என்றாள் சுல்பிகா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னேரம் மெஷின் வந்தபோது, மருந்துப் போத்தலை வாடிக்குள் வைத்துவிட்டுப் பையை விரித்தாள். வாப்பாவின் சாரனை எடுக்கவில்லை; அவர் அளந்து வைத்த புதுநெல்லு அரிசியைத்தான் கொட்டிக் கட்டினாள்.

"ஊர் கதைக்கும் மகள்."

"கதைக்கட்டும் வாப்பா. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்து, என்ட கையால தின்னுட்டுப் போங்க."

பெட்டியில் ஏறிய பிறகுதான் சின்னவனின் தொப்பி வாடிக்குள் கிடப்பது ஞாபகம் வந்தது. இறங்கி ஓடினாள். வாசலில் கால் வைக்கப் போனவள் அப்படியே நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மெல்லச் செருமினாள்.

"உள்ளுக்கு வா மகள்," என்றது வாப்பாவின் குரல். "மருந்து இஞ்சதான் கிடக்கு."