பையில் தொங்கும் பெயர்ச்சீட்டு

ஜிப் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டின் முதல் பட்டதாரி அவன். இந்தப் பட்டறையின் பைகளில் தங்கள் ஜிப்பைப் போட்டு, அதன் பெயர்ச்சீட்டையும் தொங்கவிட இன்று சம்மதம் வாங்காவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

“பை என்னோடது, பேரு உங்களோடதா தம்பி?” என்றார் பைப் பட்டறை முதலாளி.

“ரிப்பேருக்குத் திரும்பி வந்த பையெல்லாம் எதுல போச்சுண்ணே?”

முதலாளியின் மனைவி மூலையில் குவிந்திருந்த பைகளைப் புரட்டினார். எல்லாமே வேறு கம்பெனிகளின் பழைய, மலிவு ஜிப்கள். ஒன்று விடாமல் பல்லை இளித்தன.

“ஜிப்பு போனா நம்மளத்தானே திட்டுறாங்க? இவங்க பேரும் தொங்கட்டும். இனிமே திட்டுல பாதி இவங்களுக்குப் போகட்டுங்க” என்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போதே அவன் தன் பையில் இருந்த தங்கள் கம்பெனி ஜிப்பை நான்கு முறை இழுத்து மூடிப் பார்த்தான்.