மதுரையிலிருந்து பேசிய மோசடிக்காரி

எனக்கு எழுத்து, கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும் போதும். ஆனால் இதுவரை என்னை யாரும் ஏமாற்றியதில்லை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றவனுக்கு, செல்லில் வந்த நம்பரை வாசித்துக் காட்டிச் சேமிப்பைத் தொலைத்தவர். படித்தவர், நிறுத்தி நிதானமாகவே வாசித்திருப்பார்.

அதனால் அன்று காலை ஒரு பெண் செல்லில் கூப்பிட்டு, "அம்மா, மதுரை ஆஸ்பத்திரியிலருந்து பேசுறேன். உங்க பேஸ்மேக்கர் ஒயர்ல கோளாறு காட்டுது, உடனே வரணும்" என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பேஸ்மேக்கர் என்பது, என் இருதயம் சோம்பேறித்தனம் காட்டியதால் போன வருஷம் தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்த மிஷின். அதிலிருந்து ஒயர் இருதயத்துக்குப் போகிறது. கட்டில் பக்கத்தில் வைக்க ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். பகலெல்லாம் நெஞ்சுக்குள் நடந்ததை மிஷின் குறித்து வைக்க, நான் தூங்கும்போது பெட்டி அதைக் கேட்டு மதுரைக்குச் சொல்லுமாம். கட்டியவர் இருந்த காலமெல்லாம் என் நெஞ்சில் என்ன இருக்கிறதென்று ஒருநாள் கேட்டதில்லை. பெட்டியாவது கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஒயரு இங்கன என் நெஞ்சுக்குள்ள இருக்கு. அங்கன உக்காந்திருக்க உனக்கு எப்படித் தாயி தெரிஞ்சுச்சு?"

"பெட்டி அனுப்புச்சும்மா."

"சரி, என்ன நம்பர் வேணும்? அதையும் கேட்டுரு."

"நம்பர்லாம் வேணாம்மா. பக்கத்துல யாராச்சும் இருந்தா குடுங்க."

"ஏமாத்துறதுக்கு நான் ஒருத்தி பத்தாதா?" என்று வைத்துவிட்டேன்.

மருமகள் முகம் சுண்டிப்போனது. "அத்தை, ஒருவேளை நெசமா இருந்தா?"

"நெசமா இருந்தா மொதல்ல எனக்குல்ல தெரியணும்? போய் வாத்தியார்ட்ட சொல்லு, அத்தை எப்படிப் பேசுனாகன்னு."

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் மறுபடி மணி அடித்தது. அதே பெண்.

"அம்மா, வச்சிராதீங்க. நேத்துக் காலையில, வெயிலேறுற நேரத்துல, உங்களுக்குத் தலை சுத்துச்சா?"

செல்லை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

நேற்றுக் காலை எங்கள் மிளகாய்க் களத்தில் நின்றிருந்தேன். காயப்போட்ட மிளகாயெல்லாம் திடீரென்று சுழன்றது. விழாமல் மெல்ல உட்கார்ந்து, வெளுத்த வற்றலைப் பொறுக்கத் தொடங்கினேன். "ஆத்தா இன்னைக்கு நம்மளோட வேலைக்கு வந்துருச்சுடி" என்று கூலிக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். "நீங்க பொறுக்குற லட்சணத்துக்கு வேறென்ன செய்ய?" என்று அதட்டினேன். மருமகளிடம்கூடச் சொல்லவில்லை. எந்தத் திருடனுக்கும் அது தெரிய வழியில்லை.

"இருக்கீங்களாம்மா?" என்றது செல்.

"இருக்கேன், இருக்கேன். வாரேன்."

வாசலில் நின்ற மருமகளிடம் காருக்குச் சொல்லச் சொன்னேன்.

"மோசடின்னீங்களே அத்தை?"

"மோசடிதான். பண்ணுனது ஒயரு."

ஒயர் உள்ளேயே விண்டுபோய், நினைத்தால் வேலை செய்வதும் நினைத்தால் நிற்பதுமாக இருந்ததாம். இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் களத்திலேயே விழுந்திருப்பேன் என்றார் டாக்டர். வேறு ஒயர் வைத்தார்கள். அந்தப் பெண்ணும் கட்டிலுக்கு வந்து, "நம்பர் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும், அவளுக்கு உரிமை உண்டு.

பெட்டி இப்போதும் கட்டில் பக்கத்தில்தான் இருக்கிறது. லேசாகத் தலை கிறுகிறுத்தாலும் உடனே மருமகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன். பயமெல்லாம் இல்லை. என் வீட்டுச் சேதியை, என்னை முந்திக்கொண்டு அந்தப் பெட்டியா சொல்வது?