படகுக்குப் போட்ட பூண்டுப் பரண் பலகை

எங்கள் வீட்டில் சொந்தமாக ஒரு படகு இருக்கிறது என்று சொன்னால் கீழே சமவெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பள்ளங்கி மலைக்கிராமத்தில் பூண்டு போடுகிறவர்களுக்குப் படகோடு என்ன சோலி என்பார்கள். என் வீட்டுக்காரர் கொடைக்கானல் ஏரியில் துடுப்புப் போட்டவர். வெயில் தாங்காமல் மலையேறி வந்தவர்களை அடுத்தவர் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டி, கடைசியில் சொந்தமாக ஒன்று வாங்கினார். அவர் போய்விட்டார். படகு இருக்கிறது. இப்போது அதை என் மகன் ஓட்டுகிறான். ஓட்டுவதாக அவன் சொல்லிக்கொள்கிறான்.

மழைக்காலத்தில் ஏரியில் ஆள் இருக்காது. அப்போது படகை டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பின் பின்னால் மாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். டிரெய்லர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு சக்கரம், ஒரு இரும்புச் சட்டம், அதன் மேல் நீளவாக்கில் இரண்டு பலகை. படகு உட்காருவது அந்தப் பலகைகள் மேல்தான். மனிதனுக்குப் பாய் மாதிரி.

அந்தப் பாய்க்கு என் மகன் கம்பளம் சுற்றியிருந்தான். போனில் ஒரு வெள்ளைக்காரன் அப்படிச் செய்து காட்டினானாம். பச்சைக் கம்பளம், நல்ல தடிமன். எங்கள் வீட்டில் மனிதர் உட்காரக்கூட அப்படி ஒன்று கிடையாது. அந்த வெள்ளைக்காரன் ஊரில் வெயில் அடிக்கிறது, அவன் கம்பளம் மதியத்துக்குள் காய்ந்துவிடும். எங்கள் ஊரில் துவைத்துப் போட்ட சேலையே மூன்று நாள் கொடியில் மேகத்தைக் குடித்துக்கொண்டு தொங்கும். இதை நான் அன்றைக்கே சொன்னேன். வெள்ளைக்காரனுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப்போகிறது?

கம்பளம் ஈரத்தை விடவில்லை. பலகை உள்ளுக்குள்ளேயே மக்கியது. மரம் அமுங்க அமுங்க, அதை இரும்போடு பிடித்திருந்த போல்ட்டின் தலை மேலே எழும்பிப் படகின் அடியைக் கீறிவிட்டது. சீசனுக்கு முன்னால் படகுத்துறையில் ஒவ்வொரு படகையும் சோதித்துத்தான் தண்ணீரில் இறக்க விடுவார்கள். சோதனைக்காரர் போன வருசம் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "இந்த ஒருவாட்டி விடுறேன். அடுத்த வருசம் அடியில ஒரு கீறல் இருந்தாலும் இந்தப் படகு ஏரிக்குள்ள எறங்காது," என்றார். எங்கள் வீட்டுக்கு ஒரு படகுதான். அது இறங்காவிட்டால் மகனுக்கு அந்த வருசம் வேலை கிடையாது. வீட்டில் உட்கார்ந்து போன் பார்ப்பான். அதை நினைத்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அதனால் இந்த வருசம் பலகையை நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். பழைய கம்பளத்தை உரித்தபோது உள்ளே காளான் முளைத்திருந்தது. குழம்புக்குக்கூட ஆகாத காளான்.

வெள்ளனே கிளம்பி டவுனில் மரக்கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் பைன் பலகையைக் காட்டினார்.

"வெள்ளையா, லேசா இருக்கும்மா."

"வெள்ளையாத்தான் இருக்கு. தண்ணியக் கண்டா, விருந்தக் கண்ட மாப்பிள்ளை கணக்கா இழுக்குமே."

அடுத்துத் தைலமரம். அறுத்த அன்றைக்கு நேராக இருக்கும், அடுத்த வாரம் பாம்பு மாதிரி நெளியும். அதை நான் சொல்வதற்குள் அவரே தள்ளி வைத்துவிட்டார். தேக்கு இருந்தது, தங்க விலையில். அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவ வேண்டும்போல. கடைசியில் ஒட்டுப் பலகை ஒன்றை எடுத்து நிறுத்தினார்.

"கப்பலுக்கே போடுறது. நூறு வருசம் அசையாது."

"அசைஞ்சா யாருகிட்ட வந்து கேக்குறது? நூறு வருசம் கழிச்சு நீங்க கடையில இருப்பீங்களா?"

"நீங்க வந்து கேப்பீங்கன்னா நானும் இருக்கேன்மா," என்றார். வாய் உள்ள மனிதர். ஆனாலும் பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். அடுக்கு அடுக்காக, பரோட்டா மாதிரி பிரிந்து வந்தது. வணக்கம் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து பின்கட்டு அடுப்படியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலேயே கிடந்தது பலகை. பூண்டுப் பரண். வடகவுஞ்சிப் பக்கத்துப் பலா, இரண்டு பலகை, பத்தடி நீளம். எங்கள் பக்கத்தில் பூண்டை அடுப்புக்கு மேலே கட்டிப் புகை போட்டுத்தான் வைப்போம். அத்தனை வருசப் புகையில் அந்தப் பலகையும் கறுத்து இறுகி, பூச்சியும் புழுவும் எட்டிப் பார்க்காமல் கெட்டியாக இருந்தது. தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். உருண்டு ஓடியது.

மருமகள் ஓடிவந்தாள். "அத்தே, பரணப் பிரிச்சா பூண்ட என் தலையிலயா தொங்கவிடுறது?"

"தொங்கவிடு. பேனாவது சாகும்."

"ஒங்க தலைக்குப் பேன் பாக்குறதும் நான்தான். ஞாபகம் வச்சுக்கங்க."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். பலகைக்குப் பதிலாக மூங்கில் கட்டிக்கொடுத்த பிறகுதான் அவள் முகம் என் பக்கம் திரும்பியது.

மகன் மட்டும் முனகினான். "யம்மா, ஏரியே பூண்டு நாறும்."

"நாறட்டுமே. டூரிஸ்ட்டுக்கு வாயுத் தொல்லை இருக்காது."

போல்ட்டின் தலை ஒரு விரற்கடை உள்ளே போகிறபடி பலகையில் குழி எடுக்கச் சொன்னேன். இனி மரம் கொஞ்சம் தேய்ந்தாலும் இரும்பு படகைத் தொடாது. மேலே என்ன போடுவது என்பதில்தான் சண்டை. அவன் மறுபடியும் கம்பளம் என்றான், இந்தத் தடவை நீலம். நான் தோட்டத்தில் கிடந்த பழைய தண்ணீர் ஓஸை எடுத்துவந்தேன். கறுப்பு, கனத்த பிளாஸ்டிக். நீளவாக்கில் கிழித்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி நிமிர்த்தி, பலகை மேல் படுக்கவைத்து இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்தாயிற்று. ஈரம் ஒட்டாது, படகும் கீறாது.

படகை ஏற்றி, பூண்டு காயப்போடும் களத்தில் டிரெய்லரை நிறுத்தினோம். கம்பளம் இருந்த காலத்தில் படகை நகர்த்த நாலு பேர் வேண்டும். நான் ஒற்றைக் கையால் தள்ளினேன். ஒரு முழம் நகர்ந்தது.

"பாத்தியாலே? ஒன் வெள்ளைக்காரனக் கூட்டிட்டு வந்து காட்டு," என்றேன். நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

சோதனை நாள் வந்தது. படகுத்துறையில் ஏரிக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு உண்டு. மகன் ஜீப்பைப் பின்னால் எடுத்துச் சரிவின் தலையில் நிறுத்தினான். சக்கரத்துக்கு உடனே கல் கொடுத்தோம். எங்கள் மலையில் பேச்சு வராத குழந்தைகூட நிற்கிற வண்டிக்குக் கல் கொடுக்கும். கல்லைக் கொடுத்துவிட்டால் எங்களுக்கு மனசு நிம்மதியாகிவிடும். வண்டிக்குக் கல் கொடுத்தோம். வண்டி மேல் இருந்த படகுக்கு?

எப்போதும்போல மகன் மேலேயே, படகை டிரெய்லரோடு கட்டியிருந்த முன்கயிற்றை அவிழ்த்தான். கம்பளம் இருந்தபோது, அவிழ்த்தாலும் படகு அசையாமல் உட்கார்ந்திருக்கும். இந்தத் தடவை யார் சொல்லுக்கும் காத்திராமல் கிளம்பியது. பின்பக்கம் சரசரவென்று வழுக்கிச் சிமெண்டில் 'டம்' என்று மோதி நின்றது. பாதிப் படகு பலகையில், பாதி வானத்தில். துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சோதனைக்காரர் தேநீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தார்.

அவர் குவளையைக் கீழே வைத்து, குனிந்து அடியை முழுக்கத் தடவினார்.

"அடி சுத்தமா இருக்கும்மா. ஒரு கீறல் இல்ல," என்றார். நான் தலை நிமிர்வதற்குள் அடுத்ததையும் சொன்னார். "பின்மூலை உடைஞ்சுபோச்சு. ஒட்டிக் காயவச்சுக் கொண்டாங்க. இன்னைக்கு எறக்க விடமுடியாது."

வீட்டுக்குத் திரும்பும்போது ஜீப்பில் மகன் கேட்டான். "வழுக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல யம்மா?"

"ஒத்தக் கையால தள்ளிக் காட்டுனேனே. அதுக்கு மேல எப்பிடிலே சொல்றது?"

"அது நீ பெருமைக்குத் தள்ளுனது. எங்கிட்டச் சொல்றதுக்குத் தள்ளல."

பள்ளங்கி வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். சன்னல் பக்கம் பார்க்க நிறைய இருந்தது.

கொடைக்கானலில் ஒன்றைக் காயவைக்கச் சொல்வது சுலபம். மூன்று நாள் மேகம், அரை நாள் வெயில். ஒட்டுப் போட்டது இறுகுவதற்குள் பள்ளிக்கூட விடுமுறையின் முதல் கூட்டம் மலையேறி, படகு சுற்றி, வறுத்த சோளம் தின்று, இறங்கியும் போய்விட்டது. மகன் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்தான். நான் எதற்குப் பயந்தேனோ அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்துக்கொண்டு டிரெய்லரிடம் போனேன். இரண்டு பலகையிலும் பின்கடைசியில் ஒரு முழம் ஓஸைப் பிடுங்கி எறிந்தேன். அந்த இடத்தில் பழைய டயர் ரப்பரை வெட்டி வைத்து ஆணி அடித்தேன். ரப்பர் படகைப் பிடித்துக்கொள்ளும். பலகைக்கு ஒரு முழம் வீதம் என் பெருமையைக் குறைத்துக்கொண்டேன். மீதி நீளத்துக்கு அது அப்படியே கிடக்கிறது.

மகன் வந்து பார்த்தான். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி, நான் கோணலாக அடித்திருந்த இரண்டு ஆணியை நேராக்கினான்.

மறுபடி துறைக்குப் போனபோது முன்கயிறு என் கையில் இருந்தது. சோதனைக்காரர் பார்த்துத் தலையசைத்தார். ஜீப் மெல்ல இறங்கியது. டிரெய்லரின் சக்கரம் தண்ணீருக்குள் முழுக்கப் போகும்வரை முடிச்சை நான் தொடவில்லை.

"இப்பவாவது அவுத்து விடுறியா, பொழுது போயிரும். வெரசா," என்றான் மகன், ஜீப்பிலிருந்து இறங்கி வந்து.

அவிழ்த்தேன். படகு ஒரு முழம் நகர்ந்து, ரப்பரில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு தள்ளு கொடுத்தால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஏலே, நீயே தள்ளு," என்றேன்.