முகப்புரையில் நான் விட்ட சொல்

அரசியலமைப்புச் சட்டத்தில் நான் முதல் திருத்தம் செய்தபோது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பான்மையெல்லாம் தேவைப்படவில்லை. அப்பா சொன்னது போதுமாக இருந்தது.

சோமனூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறிகள். தறியில் ஏற்றப் பாவும் நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார். நாங்கள் கூலிக்கு நெய்து தருவோம். அந்த வருஷம் கூலி உயர்வு கேட்டு ஊரே தறியை நிறுத்தியிருந்தது. தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குடும்பம், அந்த அமைதியிலும் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இந்தத் தொண்டைக்காகவே குடியரசு தினத்தன்று முகப்புரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சிறப்பு விருந்தினர், எங்களுக்குப் பாவு கொடுக்கும் அதே ஜவுளிக்காரர். தெரிந்ததும் அப்பா என்னைச் சொல்லிக் காட்டச் சொன்னார். ‘சமூக, பொருளாதார, அரசியல் நீதி’ வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நடுவால இருக்கறத உட்டுப்போடு அம்மணி.”

“டீச்சர் திட்டுவாங்கப்பா.”

“டீச்சரா நமக்குப் பாவு தர்றாங்க? நாம சொல்லிக்குடுத்துச் சொல்ல வெச்சோம்னு அவரு நெனச்சுப்போட்டா, நாளைக்கு ஊரெல்லாம் தறி ஓடும், நம்மூட்ல ஓடாது.”

அடுப்படியிலிருந்து அம்மா, “நீதின்னு கடைசீல வருதுல்லங்க, அது போதும்” என்றாள்.

விழா மேடையில், மைக்கே தேவைப்படாத குரலில், “சமூக, அரசியல் நீதி” என்று முழங்கினேன். டீச்சர் கவனிக்கவில்லை. விருந்தினர் கவனித்தார்.

“அம்மணி, ஒண்ண உட்டுப்போட்டியே!”

எழுந்து வந்து மைக்கை வாங்கி, முகப்புரை முழுவதையும் பார்க்காமல் சொன்னார். அந்தச் சொல்லை அழுத்தியே சொன்னார். “இதையெல்லாம் மறக்கலாமுங்களா?” என்று கூட்டத்தைக் கேட்டார். முதலில் கைதட்டியவர் அப்பா.

எனக்கென்று பரிசாக வைத்திருந்த டிபன் பாக்ஸ், திருக்குறள் சொன்ன பையனுக்குப் போனது. வீடு வரை அழுதேன். “பெரிய மனுசன், எப்படி மனப்பாடமா வெச்சிருக்காரு பாரு” என்றார் அப்பா. அது கிண்டலா என்று கேட்கத் தோன்றவில்லை.

சில நாளில் தறிகள் ஓடின, பழைய கூலிக்கே. எங்களுக்கும் பாவு வந்தது. அவர் உரக்கச் சொல்ல முடிந்ததை நாங்கள் ஏன் விழுங்கினோம் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே அநீதி அந்த டிபன் பாக்ஸ்தான்.

இப்போது கோவையில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பு நடத்துகிறேன். வருஷா வருஷம் அந்த வரி வருகிறது. ஒவ்வொரு முறையும் கடைசி பெஞ்சிலிருந்து யாராவது, “மேடம், கேக்கலீங்க” என்கிறார்கள்.