போட்டாச்சு

என் ஓரகத்தி போர்ட் பிளேர் ஹேடோ துறைமுகத்துல கப்பலை விட்டு இறங்கின அன்னிக்கே எனக்கு வயிறு எரிய ஆரம்பிச்சிருச்சு. இதைச் சுத்தி வளைச்சுச் சொல்றதுல ஒண்ணும் இல்லை. கொழுந்தனுக்கு மெயின்லேண்டுல கல்யாணம். எங்க வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கலை, நாங்க போகலை. அத்தை மட்டும் போய் நடத்தி வெச்சு, புது மருமகளைக் கையோட கூட்டிக்கிட்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு. நான் பிளஸ் டூ. அதுக்கு மேல பஜார்ல ஒரு மாடியில ஆறு மாசம் டி.டி.பி. கத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.

அதுவரைக்கும் எங்க குவார்ட்டர்ஸ்ல நான்தான் ‘கம்ப்யூட்டர் பாபி’, இந்தியில அண்ணின்னு அர்த்தம். பக்கத்து வீட்டு பெங்காலி அம்மாவுலேர்ந்து மேல் மாடி தெலுங்குக்காரர் வரைக்கும் ஆளுக்கொரு பென் டிரைவோட வந்து, பாபி, ஃபிலிம் டால் தோ, படம் போட்டுக் குடுங்கன்னு வாசல்ல நிப்பாங்க. இன்டர்நெட் அப்போ இங்க பேருக்குத்தான். மெயின்லேண்டுலேர்ந்து வர்ற யாராவது ஹார்ட் டிஸ்க்ல படமும் சீரியலும் கொண்டு வந்தாத்தான் உண்டு. அதையெல்லாம் சேர்த்து வைக்க, மூடிப்போன ஒரு கடையில பழைய சிபியு ஒண்ணை வாங்கி, ரெண்டு டிஸ்க் மாட்டி, நானே தட்டுத் தடுமாறி ஒரு சர்வர் பண்ணி வெச்சிருந்தேன். அதுல விண்டோஸ் கிடையாது. அதை எழுப்பி விடுற சாஃப்ட்வேர் பின்னாடி செருகியிருக்கிற பென் டிரைவ்ல இருக்கும்.

அந்த டிஸ்க்ல படம் மட்டும் இல்லை. சுனாமி அன்னிக்குத் தாழ்வுல இருந்த எங்க பழைய வீட்டுக்குள்ள தண்ணி வந்து, அத்தையோட ஆல்பம் மொத்தமும் ஊறி ஒட்டிக்கிச்சு. ஒவ்வொண்ணா உரிச்சு, காய வெச்சு, ஸ்கேன் பண்ணி நான்தான் காப்பாத்தினேன். அதுலேர்ந்து அத்தைக்கு நான் சொன்னா வேதம். டிவி ரிமோட் வேலை செய்யலைன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் பேட்டரி மாத்துவாங்க.

புதுசா வந்தவ ஒரு வாரம் கழிச்சு ஒரு பென் டிரைவைக் கொண்டு வந்து நீட்டினா. கல்யாணம் கோயில்ல சிம்பிளா நடந்தது, போட்டோக்காரர் யாரும் இல்லை, அவ சித்தப்பா தன் கேமராவில எடுத்தது. "வேற காப்பி இல்லக்கா. உங்க சர்வர்ல ஒண்ணு போட்டு வெச்சீங்கன்னா நிம்மதியா இருக்கும்"னா. மரியாதையாத்தான் கேட்டா. நானும் வாங்கி சர்வர் பின்னாடி செருகிட்டு உட்கார்ந்தேன்.

அப்போ பார்த்து உள்ளேர்ந்து அத்தையோட குரல். அவங்க போன்ல தமிழ் எழுத்து வரலைன்னு நான் ரெண்டு மாசமா கைவிரிச்சிருந்தேன். அதை இவ ரெண்டு நிமிஷத்துல வர வெச்சுட்டாளாம். படிச்ச பொண்ணு படிச்ச பொண்ணுதான்னு அத்தை யார்கிட்டயோ பூரிச்சுப் போய்ச் சொல்றாங்க. எனக்குக் காதுல புகை வந்துச்சு. இவ கல்யாணத்தை நான் எதுக்குப் பத்திரப்படுத்தணும்? ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கலை. பென் டிரைவைப் பிடுங்கிக்கிட்டுப் போய் அவ கையில கொடுத்து, "போட்டாச்சு"ன்னேன்.

நான் போட்டேன்னு சொல்லியிருந்தா நாக்கு கொஞ்சம் தடுமாறியிருக்கும். போட்டாச்சுங்கிற வார்த்தையில ஆள் இல்லை பாருங்க. யார் போட்டா, எங்க போட்டான்னு அது கேக்காது. பொய்யும் சொல்லலை, உண்மையும் சொல்லலைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டுப் போய் மீன் கழுவ உட்கார்ந்தேன்.

பத்து நாள் எல்லாம் நல்லாத்தான் ஓடிச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கரண்ட் போய் வந்துச்சு. வந்த பிறகு சர்வர் எழும்பலை. மானிட்டரை மாட்டிப் பார்த்தா கறுப்புத் திரையில, எழும்புறதுக்கு ஒண்ணும் இல்லைங்கிற மாதிரி இங்கிலீஷ்ல ஒரே ஒரு வரி. பென் டிரைவை வேற ஓட்டையில மாத்திச் செருகினேன். செட்டிங்ஸுக்குள்ள போய் முதல்ல பென் டிரைவைப் பாருன்னு வெச்சேன். போர்டுல இருக்கிற சின்ன பேட்டரியை மாத்தினேன். ரேமைக் கழட்டி ரப்பர் வெச்சுத் தேய்ச்சேன். அதே வரி. அத்தை வந்து பின்னாடி நின்னுக்கிட்டு, ஆல்பம் பத்திரமா இருக்குல்லன்னு கேட்டாங்க.

அவளும் வந்தா. நான் ஒருதரம் பார்க்கட்டுமாக்கான்னா. எனக்குத் தெரியாதா, இது நான் பெத்த பிள்ளை மாதிரி, நீ போய் டீ போடுன்னேன். அவ போகலை, கதவோரமா நின்னா. சரி, இங்க எதைத்தான் உப்புக் காத்து விட்டு வைக்குது, பென் டிரைவ் போயிருச்சு, புதுசா சாஃப்ட்வேர் எழுதிருவோம்னு முடிவு பண்ணி, அதைக் கொண்டு போய் வீட்டுக்காரரோட கம்ப்யூட்டர்ல செருகினேன். உள்ள இருக்கிறதைத் திறந்து காட்டவான்னு ஒரு பெட்டி வந்துச்சு. படிக்காமலே மூடினேன். இருக்கிறதெல்லாம் அழிஞ்சிரும், சம்மதமான்னு இன்னொண்ணு வந்துச்சு. சம்மதம்னு அமுக்கினேன். அவ முன்னாடி தயங்கினதாத் தெரியக் கூடாது, அதுதான் அப்போ எனக்கு முக்கியம்.

திரும்பக் கொண்டு வந்து மாட்டினா சர்வர் எழும்பிருச்சு. ஆனா அதுக்கு என்னையும் தெரியலை, என் டிஸ்க்கையும் தெரியலை. புது டிஸ்க் ரெண்டு இருக்கு, துடைச்சுத் தயார் பண்ணவான்னு கேக்குது. விரல் கீபோர்டு மேல இருக்கு.

"அமுக்காதீங்கக்கா"ன்னா அவ. ஓடிப் போய் அலமாரியிலேர்ந்து ஒரு பென் டிரைவை எடுத்துக்கிட்டு வந்தா. என்னோடது மாதிரியே கறுப்பு உடம்பு, சிவப்பு மூடி. அந்த வருஷம் பஜாருக்குக் கப்பல்ல வந்த ஒரே பெட்டிச் சரக்கு அது, பாதி போர்ட் பிளேர் வீட்டுல அதேதான் இருந்துச்சு. கொழுந்தன் இங்க வாங்கி ஊருக்குக் கொண்டு போனதும் அந்தப் பெட்டியிலேர்ந்துதான். போன வாரம் யாருக்கோ போட்டோ காட்டலாம்னு இதைத் திறந்தாளாம், உள்ள போட்டோவே இல்லை, புரியாத ஃபைலா இருந்துச்சாம். மாறிப்போச்சுன்னு தெரிஞ்சும், சொன்னா நான் தப்பா எடுத்துப்பேனோன்னு சும்மா இருந்திருக்கா. சர்வர்தான் ஓடுதே, போட்டோவும் அதுல ஏறியாச்சேன்னு.

எனக்கு அப்போதான் உறைச்சுது. அன்னிக்குக் கோபத்துல என்னோடதைப் பிடுங்கி அவகிட்ட கொடுத்துட்டேன். சர்வர் ஒருதரம் எழும்பிட்டா அப்புறம் பென் டிரைவைத் திரும்பிப் பார்க்காது, அதான் பத்து நாளா ஒண்ணும் தெரியலை. இப்ப நான் அழிச்சது அவளோடது.

அவ கொண்டு வந்ததைச் செருகினோம். முனகி, பீப் அடிச்சு, எழும்பிருச்சு. ஆல்பம் வந்துச்சு. அத்தை ஒவ்வொரு படமாப் பார்த்து மூச்சு விட்டுட்டு உள்ள போனாங்க. இவ அழிஞ்ச பென் டிரைவைக் கையில உருட்டிக்கிட்டே, இது போனா போகுதுக்கான்னு சிரிச்சா. அப்புறம் மவுஸைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, "நம்ம கல்யாணப் போட்டோவை எந்த ஃபோல்டர்ல போட்டிருக்கீங்க?"

நம்ம கல்யாணமாம். நான் போகவே இல்லை.

"போடலை"ன்னேன். அவளுக்கு முதல்ல புரியலை. மறுபடி சொன்னேன். போடலை, போட்டாச்சுன்னு பொய் சொன்னேன்.

திட்டியிருந்தா பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கு அது வரும். அவ தன் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினா. கேமராவில எதுவும் மிச்சம் இல்லைன்னுட்டார். அழிஞ்சதை மீட்கிற சாஃப்ட்வேர் எதையோ வெச்சுக்கிட்டு மூணு நாள் உட்கார்ந்தா. ஒரே ஒரு படம் வந்துச்சு, அதுவும் மேல் பாதி. கோயில் கூரையும், மாலை போட்ட ரெண்டு தலையும், அவங்கப்பா நெத்தியும். கீழ முழுக்க சாம்பல் நிறம். முகம்னு ஒண்ணுகூட இல்லை.

நாலாம் நாள் சாப்பாட்டுல அத்தை, போட்டோ என்னாச்சும்மான்னு அவளைக் கேட்டாங்க. சொல்லிடுவா, இன்னியோட என் பாபி பட்டம் காலின்னு நினைச்சேன். அவ தலை நிமிராம, உப்புக் காத்துல பென் டிரைவ் போயிருச்சு அத்தை, அக்கா எவ்வளவோ பார்த்தாங்கன்னா. அந்த நேரத்துலயும் எனக்கு நன்றி வரலை, பொறாமைதான் வந்துச்சு. இதையும் என்னைவிட நல்லாச் செய்றாளேன்னு.

அத்தை அவ பேச்சோட விடலை. என் பக்கம் திரும்பினாங்க. "அவ புதுசு, அவளுக்கு இந்த ஊர்க் காத்து என்ன தெரியும். நீ சொல்லு, அப்படித்தானா?"

அவளும் என்னைப் பார்த்தா.

"ஆமா அத்தை, உப்புக் காத்துதான்"னேன்.

"நீ சொன்னா சரி"ன்னு அத்தை ரசத்தை ஊத்திக்கிட்டாங்க.