தளபதி நடை

ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த அவளுக்குக் காஸ்ப்ளே கூட்டம் வைத்த பேர் பூட்ஸ் அக்கா. பிறவியிலேயே இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. சின்ன வயதிலிருந்தே இடது செருப்புக்கு அவளே கூடுதல் அடி ஒட்டிக்கொள்வாள். செருப்புக் கடையில் ஒட்டினால் ஒரு மாதம் தாங்காது. அவள் ஒட்டினால் வருஷம் உழைக்கும்.

அந்தக் கைப்பழக்கம்தான் கதைகளில் வரும் வீரர்களைப் போல வேஷம் கட்டிக் காஸ்ப்ளே போட்டிக்குப் போகிற பிள்ளைகளை அவளிடம் கொண்டுவந்தது. அவர்களுக்கு உடை எப்படியோ தேறிவிடும், பூட்ஸ்தான் காலை வாரிவிடும். பழைய ஷூவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதன்மேல் ஃபோம் ஷீட்டைச் சுற்றி, ஹேர் டிரையரால் சூடுகாட்டி வளைத்து, முழங்கால்வரை உயர்த்தி, பின்னால் ஜிப் வைத்து வெள்ளிப் பெயின்ட் அடிப்பாள். நிஜ இரும்பு தோற்றுப்போகும். கவுன்டருக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதையே பார்த்தவர்களுக்கு அவள் கால் தெரியாது. ஏழு வருஷத்தில் "நீங்களும் ஒரு வேஷம் போடுங்கக்கா" என்று ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை.

எட்டாம் வருஷம் அவளாகவே போட்டாள். பெண் தளபதி வேஷம். இடது பூட்ஸுக்குள் கார்க் அடுக்கு ஒன்றை ஒளித்து ஒட்டினாள். கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தாள். இரண்டு தோளும் ஒரே மட்டம்! வீட்டில் கூட இருக்கும் அண்ணி எட்டிப் பார்த்து, "கழுதை வயசாச்சு, இது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள். அன்றைக்கு அது காதிலேயே ஏறவில்லை.

போட்டி அரங்கில் மூன்று மணிநேரம் காக்க வைத்தார்கள். புழுக்கத்தில் பசை இளகிவிட்டது. மேடையில் நாலாவது அடியில் கார்க் வழுக்கி விரல் பக்கம் போக, குதிகால் பள்ளத்தில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு விந்தி விந்தி நடந்தாள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

"போர்ல அடிபட்ட தளபதி! நடிப்புன்னா இது நடிப்பு!" என்று நடுவர் மைக்கில் கத்தினார். முதல் பரிசு.

'நடிப்பில்ல, என் காலே அப்படித்தான்' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே வந்தது வெறும் "நன்றி"தான்.

அடுத்த வாரம் கூட்டத்துப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். "அக்கா, ஒரு பூட்ஸ்ல மட்டும் அடியைக் குறைச்சுக் குடுங்க. உங்க தளபதி நடை எனக்கும் வேணும்."

பூட்ஸ் அக்கா கவுன்டரைவிட்டு வெளியே வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பினாள். "இதுதாம்மா அந்த நடை. இதைச் செஞ்சு தர மாட்டேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "அப்போ நீங்க நடிக்கவே இல்லையா? எல்லாரையும் ஏமாத்திட்டீங்களே!"

மறுநாளே பேச்சு பரவியது. நடிப்புக்குக் கொடுத்த பரிசு நடிக்காதவளுக்கு எப்படிச் செல்லும் என்று போட்டி நடத்தியவர்கள் கோப்பையைத் திருப்பிக் கேட்டார்கள். அவள் வாதாடவில்லை, அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்பினாள். அதோடு பூட்ஸ் கேட்டு ஒருத்தரும் வரவில்லை.

"நல்லதாப் போச்சு, வீட்டுல பசை நாத்தமாவது விட்டுச்சே" என்றாள் அண்ணி.

பூட்ஸ் அக்கா மிச்சமிருந்த ஃபோம் ஷீட்டைச் சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.