ஒன்பதாயிரம் படம் பிடிக்கும்

கேமரா விற்கிறவனுக்குப் படம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது, இருந்திருந்தால் தி.நகரில் பதினோரு வருடம் நான் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருக்க முடியாது.

முதல் டி.எஸ்.எல்.ஆர். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் மலை, கடல், ஆறு என்று இயற்கைக் காட்சி எடுக்கத்தான் வருவார்கள். "லேண்ட்ஸ்கேப்புக்கு எது சார் நல்லா இருக்கும்?" என்பார்கள். நான் எடுத்த ஒரே இயற்கைக் காட்சி, திருநீர்மலைப் படிக்கட்டில் என் மனைவி நிற்கும் படம். அதிலும் மலை வரவில்லை. ஆனாலும் கூசாமல் பதில் சொல்வேன். நீங்களும் ஏதோ ஒரு கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று அவதிப்பட்டவர்தான். உங்கள் பீரோவிலும் ஒரு கேமரா பையோடு தூங்கிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். ஒரு அம்மாவுக்கு நான் செய்த காரியம் இன்னும் என்னை உறுத்துகிறது. அது எங்கே ஆரம்பித்தது என்பதிலிருந்து சொன்னால்தான் புரியும்.

பத்ரிக்கும் கேதாருக்கும்

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமா இன்டர்நெட்டில் படித்து ஒரு முழுத்தாள் நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தார். சென்சார் என்ன அளவு, எடை எத்தனை கிராம், பனியில் வேலை செய்யுமா என்று ஒரு மணி நேரம் என்னைக் குடைந்தார். இரண்டு கேமராவை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாரே தவிர, ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஸ்டூலில் பேசாமல் உட்கார்ந்திருந்த மாமி கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் சரி, எத்தனை படம் பிடிக்கும்?"

இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்பதைக் கேமராவே ஒரு எண்ணாகத் திரையில் காட்டும். அதைக் காட்டலாம் என்று பொத்தான்களைத் தட்டியபோது, தவறிப்போய்ப் படத்தின் அளவை இருப்பதிலேயே சின்னதாக மாற்றிவிட்டேன். இரண்டாயிரத்துச் சொச்சமாக இருந்த எண் 9999 ஆகிவிட்டது. அதற்கு மேல் காட்ட அதற்கு இடம் இல்லை. பெரிய அப்பளம் என்றால் டப்பாவில் இருபது கொள்ளும், குட்டி அப்பளம் என்றால் நூறு கொள்ளும், அவ்வளவுதான் சூட்சுமம். அதை நான் விளக்கவில்லை. மாமி திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஒன்பதாயிரமா? அப்போ பத்ரி, கேதார் ரெண்டுக்கும் போறும். பில் போடச் சொல்லுங்கோ."

யாராவது ஒருத்தர்

அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. யார் தயங்கினாலும் புதுக் கேமராவில் மெமரி கார்டைப் போட்டு, அளவைச் சின்னதாக்கி, எண்ணைக் காட்டுவேன். தயக்கம் போய்விடும். பிறகு அதைப் பழையபடி மாற்றியும் வைக்க மாட்டேன். வீட்டுக்குப் போனதும் எண் குறைந்தால் சண்டைக்கு வருவார்களே. ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. எடுத்த படத்தை எல்லோரும் போனில்தான் பார்க்கிறார்கள், போனில்தான் அனுப்புகிறார்கள். அங்கே சின்னப் படமும் பெரிய படமும் ஒன்றுதான்.

என்னோடு வேலை பார்க்கும் தனசேகருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. எங்கள் கடையில் நிஜமாகவே படம் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். லீவு நாளில் விடிவதற்கு முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு பழவேற்காடு போய்விடுவான். ஒரு நாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னான். "பெர்சா பிரிண்ட் போட எவன் வரப் போறான்னு நெனச்சிக்கினு கீற. யாராவது ஒருத்தர் வருவாங்க மச்சி, அன்னிக்கு நீ இன்னா சொல்லுவ?"

முப்பத்தோரு இஞ்ச்

அந்த ஒருத்தர் பரிதா அம்மா. கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டிய பழைய குடியிருப்பில், மேல் மாடியில், இருபத்திரண்டு வருடமாக வாடகைக்கு இருந்தவர். அவர் கணவர் கரீம் பாய் தையல்காரர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். கட்டில் ஜன்னலோரம். படுத்தபடியே அடையாறும், பாலமும், அதன் மேல் போகிற பறக்கும் ரயிலும் அவருக்குத் தெரியும். அந்தக் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டும். ஆதம்பாக்கத்தில் பார்த்திருக்கிற வீடு தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதனால் இந்தக் காட்சியை நாலடி அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு அங்கே கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும் என்பது அந்த அம்மாவின் திட்டம். போனில் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். தண்ணீரெல்லாம் கரைத்த மாவு மாதிரி வந்ததாம்.

கைப்பையிலிருந்து ஒரு தையல் டேப்பை எடுத்து வைத்தார். "தரையிலேருந்து தலகாணி வரைக்கும் முப்பத்தோரு இஞ்ச் தம்பி. அந்த உசரத்துக்கு நிக்கிற ஸ்டாண்டு வேணும். அவங்க படுத்துக்கிட்டு பாக்குற மாதிரியே வரணும்." தனசேகர் டேப்பைப் பிடித்து அளந்து ஒரு ஸ்டாண்டை எடுத்துக் கொடுத்தான். நானும் அன்று யோக்கியனாக இருந்தேன். பெரிய ஜூம் லென்ஸை அவர் தலையில் கட்டவில்லை. "ஆறும் பாலமும் சேர்ந்து வரணும்னா கேமராவோட வர்ற லென்ஸே போதும்மா, வேற எதுவும் வாங்காதீங்க" என்றேன். அந்த மாதம் முழுக்க நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

அந்த அம்மா தயங்கவே இல்லை. வாங்கத் தீர்மானித்துவிட்டார். தையல் மெஷின் இரண்டையும் விற்ற காசில் வாங்குவதாகச் சொன்னார். புது வீட்டில் அவற்றை வைக்க இடம் இல்லையாம். ஆனால் என் கை பழகிவிட்டதே. கார்டைப் போட்டேன், அளவைச் சின்னதாக்கினேன், திரையை அவர் பக்கம் திருப்பி "ஒன்பதாயிரம் படம் பிடிக்கும்மா" என்றேன். யாருமே கேட்காத கேள்விக்குப் பதில். அவர் சிரித்துவிட்டார். "அவ்ளோ எதுக்கு தம்பி? எனக்கு ஒண்ணு நல்லா வந்தா போதும்."

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த வாரம் முழுக்க எங்கள் கடைக்குத் திருநாள். புதுக் கேமராவுக்குப் பூஜை போட்டவர்கள் வரிசையாக வருவார்கள். அந்த வருடம் அடையாறில் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர் ஒருவர் லென்ஸ் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தார். வால்பாறை போனாராம், எல்லா மலையும் சிவப்பாக வந்ததாம். "மூடி மேல வெச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டேன். மூடிக்குப் பூஜை போட்டால் கேமராவுக்கு எப்படிச் சேரும் என்று அவர் என்னைக் கேட்டார். சிரித்துக்கொண்டே துடைத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் பரிதா அம்மா வந்து நின்றார். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு தினமும் எடுப்பதாகச் சொன்னார். இருட்டு விலகும்போது ஆற்றின் மேல் லேசாகப் புகை மாதிரி நிற்குமாம், அப்போது ஒரு ரயில் போக வேண்டுமாம். வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒரு வாரம் இருந்தது. சரியாக வருகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி கேமராவை நீட்டினார். என் கையெல்லாம் குங்குமம். பின்னால் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். உள்ளங்கை அளவுத் திரையில் எல்லாப் படமும் பளிச்சென்றுதான் தெரியும். ஒரு பொத்தானை அழுத்திப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே குட்டு வெளிப்பட்டிருக்கும், கையில் ஒரு வாரமும் இருந்திருக்கும். நான் எட்டிப் பார்த்துவிட்டு "பிரமாதம்மா, இப்படியே எடுங்க" என்றேன். அவர் முகம் நிறைந்துவிட்டது. "நீங்க சொன்னா சரி தம்பி. இதெல்லாம் தெரிஞ்சவங்க நீங்கதான்."

கண்ணாடி போடாமல்

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் கார்டை எடுத்துக்கொண்டு வந்தார். தேனாம்பேட்டையில் பிரிண்ட் போடும் இடத்தில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். தனசேகர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். நானூறுக்கும் மேல் படங்கள், எல்லாமே இருப்பதில் சின்ன அளவு. தபால் கார்டு அளவுக்கு மேல் போனால் கட்டம் கட்டமாக உடைந்தன. அதில் ஒரு படத்தில் தனசேகர் நிறுத்திவிட்டான். ஓரத்தில் ஜன்னல் கம்பி, கீழே ஆறு, தண்ணீரின் மேல் புகை, பாலத்தில் ரயில், அதன் ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம். பழவேற்காட்டுக்கு அத்தனை வருடம் போன அவனுக்கு அப்படி ஒரு படம் கிடைத்ததில்லை என்று அவனே பிறகு சொன்னான்.

வீட்டைக் காலி செய்து பதினைந்து நாளாகிவிட்டது என்றார் பரிதா அம்மா. அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். இது என் வேலை, என் கைப்பழக்கம் என்று இரண்டு வார்த்தை போதும். தனசேகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், அவனும் காட்டிக்கொடுக்கவில்லை. தப்பு செய்தவன் முழிக்கிற முழியைப் பார்த்து, அந்த அம்மா எனக்காகப் பரிதாபப்பட்டு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார். "நான்தான் எதையோ அமுக்கிட்டேன் போல. கண்ணாடி போடாம எடுத்தேன் பாருங்க."

மேல் மாடி

அடுத்த லீவு நாளில் நானும் தனசேகரும் விடியற்காலையில் கோட்டூர்புரம் போனோம். கடையிலிருந்து ஒரு நல்ல கேமரா, முப்பத்தோரு இஞ்சுக்கு அளந்து குறித்த ஸ்டாண்ட், எல்லாம் தயார். கட்டில் இருந்த இடத்தில் நின்று அதே படத்தை ஒழுங்காக எடுத்துவிட்டால் பாதிப் பாவம் கழியும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாசலில் தகரம் அடைத்திருந்தது. காவலுக்கு இருந்தவர் பல் குச்சியோடு வந்தார். பத்து நிமிடம் மேல் மாடிக்குப் போய் வருகிறோம் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தகரத்தை விலக்கி மேலே கையைக் காட்டினார். "மேல் மாடியா? அது எங்க சார் கீது? முந்தாநேத்தே எறக்கிட்டாங்க."

ஆதம்பாக்கம்

தனசேகர் விடவில்லை. பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடியில் கேட்டுப் பிடித்து ஏறி, ஆறும் பாலமும் ரயிலுமாக அருமையாக ஒரு படம் எடுத்தான். நாலடிக்குப் பிரிண்ட் போட்டுச் சுருட்டி, ஆதம்பாக்கத்துக்கு நான்தான் கொண்டுபோனேன். சின்ன வீடு. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் சுவர் இடித்தது. கரீம் பாய்க்கு முன்னால் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பொறுமையாகப் பார்த்தார். பிறகு மனைவியிடம் ஏதோ கேட்டார். பேச்சு குழறியதால் எனக்குப் புரியவில்லை. "கம்பி எங்கேன்னு கேக்குறாங்க" என்றார் பரிதா அம்மா. இரண்டு வருடமாக ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்த ஆறு அவருடையது. நான் கொண்டுபோனது வேறு யாருடைய ஆறோ. மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு, தலையணைக்குக் கீழே இடது கையை விட்டு ஒன்றை எடுத்தார். பரிதா அம்மா எடுத்த, கம்பி தெரிகிற அந்தப் படம்தான், தபால் கார்டு அளவில் பிரிண்ட் போட்டது. மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். ஓரமெல்லாம் அதற்குள் மடங்கியிருந்தது.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சமையலறை வாசலில் வைத்து அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மயிலாப்பூர் மாமியிலிருந்து குங்குமக் கைவரை எதையும் மறைக்கவில்லை. அவர் எதுவும் அமுக்கவில்லை, கண்ணாடியும் காரணம் இல்லை என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்தார், டீயை வடிகட்டி என் கையில் கொடுத்தார், நான் ஒரு வாய் குடிக்கும்வரை நின்றார். பிறகுதான் சொன்னார். "எனக்கு ஒண்ணு போதும்னு அன்னிக்கே சொன்னேனே தம்பி."

இப்போதெல்லாம் எத்தனை படம் பிடிக்கும் என்று யார் கேட்டாலும், எந்தச் சுவரில் எத்தனை அடிக்கு மாட்டப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன், பாதிப் பேர் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள்.